ரைபோஃபிளவினும் சிறுநீர் நிறமும்

ரைபோஃபிளவின் அல்லது உயிர்ச்சத்து பி2 என்பது நீரில் கரையக்கூடிய, மஞ்சள் நிறமுடைய ஓர் உயிர்ச்சத்து ஆகும். பி கூட்டு உயிர்ச்சத்து மாத்திரைகளை உட்கொண்டோரின் சிறுநீர் சில மணி நேரத்தில் பளிச்சென்ற மஞ்சளாவதற்கு இதுவே காரணம். இது நோயன்று.

சிறுநீரின் இயல்பான வெளிர்மஞ்சள் நிறம் யூரோபிலின் என்னும் வேறொரு நிறமியால் உண்டாவது. ரைபோஃபிளவின் புற ஊதா ஒளியில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். மருந்து ஆய்வுகளில் பங்கேற்போர் மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினரா என்று கண்டறிய, அதில் சிறிது ரைபோஃபிளவினைச் சேர்த்துச் சிறுநீரைச் சோதிப்பதும் உண்டு.

அமெரிக்கப் பரிந்துரையின்படி நாளொன்றுக்கு வயது வந்த ஆண்களுக்கு 1.3 மில்லிகிராமும் பெண்களுக்கு 1.1 மில்லிகிராமும் போதுமானவை. பல மாத்திரைகளில் இதைப்போல் பன்மடங்கு உள்ளது. உடல் இதனைச் சிறிதளவே சேமிப்பதால், மிகுதியைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. நிறம் மாறியதனால் மாத்திரை முழுவதும் வீணாயிற்று என்று கொள்வது சரியன்று. தேவையானது உறிஞ்சப்பட்ட பின்னர் எஞ்சியதே வெளியேறுகிறது. பி12 செந்நிறமுடையதாயினும் மாத்திரையில் மைக்ரோகிராம் அளவிலேயே இருப்பதால் நிறம் தருவதில்லை. சயனைடு நச்சுக்கு மாற்றாக அதன் ஒரு வடிவமான ஐதராக்சோகோபாலமின் கிராம் கணக்கில் செலுத்தப்படும்போது மட்டும் சிறுநீர் சிவக்கும்.

மாத்திரை உட்கொள்ளும் நாட்களில் நிறத்தைக் கொண்டு உடலின் நீர்ச்சத்தை மதிப்பிட இயலாது. மஞ்சள் காமாலையை மாத்திரையின் விளைவென்று எண்ணிவிடுவது இதைவிட ஆபத்தானது. காமாலையில் பிலிரூபின் கலப்பதால் சிறுநீர் தேநீர்ச் சாயம்போல் கருமையடையும். கண்ணின் வெண்பகுதியும் மஞ்சளாகும். ரைபோஃபிளவின் கண்ணை மஞ்சளாக்குவதில்லை. மாத்திரையை நிறுத்தி ஓரிரு நாட்களுக்குப் பின்னரும் நிறம் மாறாவிடில் மருத்துவரை அணுக வேண்டும்.