பந்தாய் வளாகத்துக்கு வந்த கல்வியியல் முனைவர்

தனிநாயகம் அடிகளை மேடைகள் தமிழ்த் தூதர் என்றே போற்றுகின்றன. 1957இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டம் கல்வியியலில் என்பதை அவை அதிகம் சொல்வதில்லை. பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்பதே அவர் ஆய்ந்த பொருள். சங்க காலத்தில் பாணரும் புலவரும் யாருக்கு எதைக் கற்பித்தார்கள், அந்தச் சமூகம் அறிவை எப்படிக் கைமாற்றியது என்று அவர் தேடினார். பின்னாளில் அவர் பணியாற்றிய கோலாலம்பூர் அவரிடம் பெற்றதைப் புரிந்துகொள்ள இந்த ஆய்விலிருந்து தொடங்குவதே சரி.

யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் 1913இல் பிறந்து, ரோமில் குருத்துவம் பெற்றவர் அவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகக் கற்றார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சங்கப் பாடல்களில் இயற்கை பற்றி ஆராய்ந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் ஏற்றதோ கல்வித் துறை விரிவுரையாளர் பணி.

அவர் 1961இல் பொறுப்பேற்ற மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை எளிதில் பிறந்ததல்ல. பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய ஆய்வியலுக்கு ஒரு துறை என்று பேச்சு எழுந்தபோது, எந்த மொழியை அடிப்படையாகக் கொள்வது என்பதே பெரிய வழக்காயிற்று. சமஸ்கிருதமே உகந்தது என்றார் வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார், மக்களைத் திரட்டினார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி சேர்ந்தது.

அன்றைய மலாயாத் தமிழரில் பெரும்பாலோர் கூலி உழைப்பாளிகள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். அப்படிப்பட்ட சமூகம் தன் பிள்ளைகளில் மிகச் சிலரே நுழையக்கூடிய பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்துக்குப் பணம் கொடுத்தது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய செயல்கள் மிகக் குறைவு. 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. பின்னர் கோலாலம்பூர் வளாகம் உருவானபோது, பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில்லாத லெம்பா பந்தாய்க்கு இடம் மாறியது.

மக்கள் போராடிப் பெற்ற துறை. அதற்கு உலக அறிஞர் நடுவில் ஒரு நாற்காலி வாங்கித் தர நிர்வாகம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். அறிவு எப்படிக் கைமாறுகிறது என்று ஆராய்ந்திருந்த அடிகள் நூல்களையும் ஆவணங்களையும் அடித்தளமாக்கினார். வத்திக்கானில் தாம் கண்ட 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை, அந்தாவ் தெ புரோயென்சா தொகுத்ததை, 1966இல் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி நூற்பட்டியல் ஒன்றும் அச்சேறியது. ஆய்வு மாணவருக்கு முதலில் வேண்டியது, தமக்கு முன் யார் என்ன எழுதினார்கள் என்ற கணக்கு. பட்டியல் போடும் வேலைக்குப் புகழ் கிடைப்பதில்லை. ஆனால் அது இல்லாத துறையில் ஒவ்வொரு ஆய்வேடும் அரிச்சுவடியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

1964 ஜனவரியில் டில்லியில் கீழைத்தேய ஆய்வாளர் மாநாடு கூடியபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். அடிகளும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்கள். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். சென்னை மாநிலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொந்தளித்து ஓராண்டே ஆகியிருந்தது. அந்த வேளையில் தமிழுக்கு ஒரு நாட்டின் அரசு தன் தலைநகரில் இடம் தந்தது சாதாரணமல்ல. கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சாயின. விழா முடிந்ததும் மலரோடு நின்றுவிடும் மாநாடுகளுக்கு இடையே இது தனி.

துறையில் அவரோடு பணியாற்றிய ச. சிங்காரவேலு சங்ககாலத் தமிழர் சமூக வாழ்வு பற்றி எழுதினார். தமிழ், மலாய், தாய்லாந்து இராமாயணங்களை ஒப்பிட்டார். அடிகள் 1969இல் கோலாலம்பூரை விட்டுச் சென்றார். அதே ஆண்டு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் இராம சுப்பையா தொகுத்த பட்டியலைப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பின்னாளில் மலேசியத் தமிழ் எழுத்தை ஆராயக் கையில் எடுத்துக்கொள்ள ஒரு தொடக்கம் அப்போதே ஆயத்தமாகிவிட்டது.