ஓர் ஊர், இரு தாய்க்கோவில்கள்



இத்தாலியின் தென்கோடியிலுள்ள சிசிலித் தீவில் ரகூசா என்றொரு மலை ஊர் இருக்கிறது. அது ஓர் ஊரா, இரண்டு ஊர்களா என்று முதல்முறை காண்பவர்களுக்கு ஐயம் வரும். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம், குன்றின்மேல், சந்துகளும் படிக்கட்டுகளுமாகப் பழைய ஊர் நிற்கிறது. அதன் பெயர் இப்லா. எதிரே, அதைவிட உயரமான மேட்டில், நேரான அகன்ற தெருக்களுடன் புதிய ஊர் இருக்கிறது. இப்லாவில் புனித ஜார்ஜ் ஆலயம். மேட்டு ஊரில் புனித திருமுழுக்கு யோவான் ஆலயம். இரண்டுமே பரோக் கலைப் பாணியில் எழுந்த பெரிய ஆலயங்கள். இந்த இரண்டு ஆலயங்களின் வரலாற்றில் நம் பங்குகளுக்கும் பாடம் இருக்கிறது.

1693-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, தென்கிழக்குச் சிசிலியில் நிலம் நடுங்கியது. பல வீடுகள் விரிசல் கண்டன. இரண்டு நாள் கழித்து, 11-ஆம் தேதி ஞாயிறு பிற்பகல், அதைவிடப் பன்மடங்கு பெரிய நடுக்கம் வந்தது. ஏறத்தாழ 60,000 பேர் இறந்தார்கள். எழுபதுக்கும் குறையாத ஊர்கள் அழிந்தன. கத்தானியா நகரத்தில் மக்கள் தொகையில் பெரும்பகுதி மாண்டது. கடலும் பொங்கிக் கரையோர ஊர்களைத் தாக்கியது. ரகூசாவில் மட்டும் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர்.

அக்காலத்தில் பலர் இதைக் கடவுளின் தண்டனை என்றே எண்ணினார்கள். ஆனால் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைப்பதை நம் ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆப்பிரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய நிலத்தட்டும் ஒன்றையொன்று நெருக்கும் எல்லையில் சிசிலி அமைந்துள்ளது. அதனால்தான் அங்கே நிலம் நடுங்குகிறது. இறந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஆராய்வது நம் வேலை அன்று. உயிர் தப்பியவர்கள் அதன் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

அன்று சிசிலி ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. ஊர்களை மீண்டும் கட்டும் பணியைக் கவனிக்கக் கமாஸ்த்ரா பிரபு நியமிக்கப்பட்டார். ஒவ்வோர் ஊரிலும் ஒரே கேள்வி எழுந்தது: இடிந்த இடத்திலேயே கட்டுவதா, வேறிடம் போவதா? நோத்தோ என்ற ஊர் பழைய மலையை விட்டுச் சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாக எழுந்தது. ரகூசா மக்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ஒரு சாரார், "இந்தக் குன்று இடுக்கமானது. எதிரே உள்ள மேட்டில் சமமான இடம் இருக்கிறது. அங்கே அகலமாகத் தெரு விட்டுக் கட்டுவோம்" என்று நினைத்தார்கள். மறு சாராருக்குப் பழைய மண்ணைவிட மனமில்லை. முன்னோர் வாழ்ந்ததும், பிள்ளைகளை அடக்கம் செய்ததும் அங்கேதான். நிதானமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. முதல் சாரார் பிள்ளைகளின் வருங்காலத்தை நினைத்தார்கள், மற்றவர்கள் இறந்தவர்களை மறக்க மறுத்தார்கள்.

ஆனால் இந்தப் பிரிவினைக்குள் ஒரு பழைய பகையும் புகுந்துகொண்டது. நிலநடுக்கத்துக்கு முன்பே, ஊரின் தாய்க்கோவில் எது என்பதில் புனித ஜார்ஜ் பங்குக்கும் புனித யோவான் பங்குக்கும் போட்டி இருந்தது. மேட்டுக்குப் போனவர்களில் முன்னின்றவர்கள் யோவான் பங்கு மக்கள். ஜார்ஜ் பங்கினர் இப்லாவிலேயே தங்கினார்கள். பழைய பிரபுக் குடும்பங்கள் பல ஒரு பக்கம், புதிதாக வசதி பெற்ற குடும்பங்கள் மறுபக்கம் என்று அந்தஸ்துச் சண்டையும் சேர்ந்துகொண்டது.

யோவான் பங்கினர் 1694-லேயே மேட்டில் ஒரு சிறிய ஆலயத்தை எழுப்பினார்கள். மக்கள் பெருகவே, 1718-இல் இன்றுள்ள பெரிய ஆலயத்தைத் தொடங்கினார்கள். இப்லா மக்கள் சும்மா இருப்பார்களா? ரொசாரியோ கல்யார்தி என்ற கட்டடக் கலைஞரை அழைத்தார்கள். 1738-இல் அவர் வரைபடம் தந்தார். அடுத்த ஆண்டு பணி தொடங்கியது. 1775-இல்தான் முடிந்தது. அதற்குள் கல்யார்தி இறந்துவிட்டார். நிலநடுக்க நாளில் பிறந்த குழந்தை பிழைத்திருந்தால், ஆலயம் முடிந்தபோது அதற்கு எண்பத்திரண்டு வயது. தொடக்கத்தில் காணிக்கை கொடுத்தவர்களில் பலர் நிறைவுற்ற ஆலயத்தைப் பார்க்கவில்லை. தாங்கள் பார்க்கமாட்டோம் என்று தெரிந்தும் கொடுத்தார்கள்.

புனித ஜார்ஜ் ஆலயத்தின் முகப்பு மூன்று அடுக்குகளாக உயர்ந்து, மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் மணியைத் தாங்கி நிற்கிறது. நடுப்பகுதி முன்னோக்கி வளைந்து வருகிறது. கொத்துக்கொத்தாகத் தூண்கள் நிற்கின்றன. உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல் மாலை வெயிலில் தேன் நிறமாகிறது. பரோக் கலையின் இயல்பே இதுதான். அது காண்பவரின் உணர்வைத் தொட்டு, கண்களை மேலே இழுக்கும். எல்லாம் இடிந்துபோன மக்கள் கூரையில்லாத வாழ்வுக்குப் பிறகு இப்படியொரு முகப்பை எழுப்பினார்கள் என்றால், அது அவர்களுடைய விசுவாச அறிக்கை.

பழைய ஜார்ஜ் ஆலயம் முற்றிலும் மறையவில்லை. குன்றின் கிழக்கு ஓரத்தில் அதன் வாசல் மட்டும் இன்றும் நிற்கிறது. வாசலுக்கு மேலே புனிதர் குதிரையில் அமர்ந்து பறவைநாகத்தைக் குத்தும் சிற்பம் இருக்கிறது. பின்னால் ஆலயம் இல்லை. பெரிய ஆலயம் கிடைத்த பிறகும் அந்த உடைந்த வாசலை மக்கள் அகற்றவில்லை.

நேயர்களே, போட்டியால் அழகான ஆலயங்கள் கிடைத்தன என்று சொல்லி இந்த வரலாற்றை முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். 1865-இல் இரண்டு பகுதிகளும் தனித்தனி நகராட்சிகளாயின. ஒரே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தனி ஊராராக வாழ்ந்தார்கள். 1926-இல்தான் மீண்டும் ஒன்றானார்கள். இடிந்த சுவர்களை எண்பது ஆண்டுகளில் கட்டி முடித்தவர்களுக்கு, இரண்டாகப் போன ஊரை ஒன்றாக்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1950-இல் ரகூசா மறைமாவட்டம் உருவானபோது யோவான் ஆலயம் பேராலயமானது. ஜார்ஜ் ஆலயத்தின் பெருமையும் குறையவில்லை. இன்று மே மாத இறுதியில் இப்லா ஜார்ஜ் திருவிழாவைக் கொண்டாடுகிறது. ஆகஸ்ட் 29-இல் மேட்டு ஊர் யோவான் திருவிழாவைக் கொண்டாடுகிறது.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே, மேட்டிலிருந்து இப்லாவுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டின் தலைப்பில், படிகளின் புனித மரியா என்ற ஆலயம் இருக்கிறது. நிலநடுக்கத்தில் அதுவும் சிதைந்தது. தப்பிய பழைய வளைவுகளைக் காப்பாற்றி, அவற்றோடு சேர்த்தே புதிய ஆலயத்தைக் கட்டினார்கள். யார் தாய், யார் பிள்ளை என்று இரண்டு பெரிய ஆலயங்களும் வழக்காடிய காலமெல்லாம், மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் அந்த அன்னையின் வாசலைக் கடந்துதான் போனார்கள்.

நம் பங்குகளிலும் இப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. புதிய கோவில் எந்த இடத்தில், கிளைப்பங்கு எப்போது தனிப்பங்காகும், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று கேட்கிறோம். கேள்வி எழுவது தவறில்லை. இரு பக்கமும் நியாயம் இருக்கலாம். ஆனால் நம் நியாயம் கௌரவமாக மாறிய நாளிலிருந்து, நாம் எழுப்பும் கோபுரத்தைப் பார்ப்பது கடவுளா, எதிர்வீட்டாரா என்ற ஐயம் வந்துவிடுகிறது. ஆலயம் கட்டும்போது கூடவே ஒரு படிக்கட்டையும் கட்டுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர் வீட்டுக்கு இந்த வாரமே ஒருமுறை நடந்து போவோம்.

சிதறியவர்களை ஒன்றுசேர்க்கும் இறைவன் நம் பங்குகளையும் குடும்பங்களையும் ஒன்றாகக் காத்தருள்வாராக. ஆமென்.