லா மான்ஷ் கடலுக்கு அடியில்

பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள கடலுக்கு இரண்டு பெயர்கள். ஆங்கிலேயருக்கு அது இங்கிலீஷ் சேனல். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பெயர் லா மான்ஷ். மான்ஷ் என்றால் சட்டைக் கை. மேற்கே அகன்று கிழக்கே குறுகி, வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். குறுகிய இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் பிரான்சுக் கரையில் நின்றே டோவரின் வெள்ளைப் பாறைகளைப் பார்க்கலாம்.

இந்த இரு கரைக்காரர்களும் சண்டை போட்டபோதெல்லாம் அடி வாங்கிய ஊர் நம் புதுவை. 1761-இல் ஆங்கிலேயர் கோட்டையையும் நகரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1778-இலும் 1793-இலும் மறுபடி முற்றுகை. அதனால் அந்த இருவரும் கடலுக்கடியில் கை கோத்த கதை நமக்கு அந்நியமானது அல்ல.

கடலுக்கு அடியில் பாதை போடலாம் என்று 1802-லேயே அல்பேர் மாத்தியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் திட்டம் கொடுத்தார். உள்ளே குதிரை வண்டி ஓடும், எண்ணெய் விளக்கு எரியும், நடுக்கடலில் ஒரு செயற்கைத் தீவில் குதிரை மாற்றிக்கொள்ளலாம். மறு வருடமே போர் வந்தது; திட்டம் கிடப்பில் போனது. பிறகு தோமே த காமோன் என்பவர் பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார். கடலடி மண் எப்படி இருக்கிறது என்று அறிய, உடம்பில் கற்களைக் கட்டிக்கொண்டு தானே மூழ்கி மண் எடுத்து வந்தார்.

1880 வாக்கில் இரு கரையிலும் இயந்திரம் வைத்துத் தோண்டவே ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போயிற்று. அப்போது இங்கிலாந்தின் படைத் தளபதிகள் குறுக்கே நின்றார்கள். கடல்தான் எங்களுக்கு அகழி, அதன் அடியில் வழி விட்டால் அந்நியப் படை உள்ளே வந்துவிடும் என்றார்கள். 1882-இல் வேலைக்குத் தடை. அந்தப் பயம் தீர இரண்டு உலகப் போர்கள் ஆயின. 1970-களில் மறுபடி தோண்டத் தொடங்கி, செலவு கட்டுப்படியாகாது என்று 1975 ஜனவரியில் இங்கிலாந்து கை கழுவியது.

இதற்கிடையில், அதிகச் சத்தம் இல்லாமல் மின்சாரம் கடலைத் தாண்டிவிட்டது. 1961-இல் இரு நாட்டு மின் வாரியங்களும் சேர்ந்து 160 மெகாவாட் கடத்தும் கம்பியைக் கடலடியில் போட்டன. காரணம் எளிமையானது. இரு நாட்டுக் கடிகாரத்துக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். சாப்பாட்டு வேளையும் வேலை நேரமும் வேறு. ஆகவே மின்சாரம் அதிகம் செலவாகும் நேரமும் வேறு. ஒருவருக்குத் தட்டுப்பாடு வரும்போது மற்றவரிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். இரண்டு நாட்டு மின்கட்டமைப்பும் ஒரே தாளத்தில் ஓட வேண்டியதில்லை என்பதற்காக ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி அனுப்பினார்கள். கம்பி வழியாகப் படை வராது என்பதால் தளபதிகளுக்கும் கவலை இல்லை.

எதிரி வேறு ரூபத்தில் வந்தான். மீன்பிடிப் படகுகளின் வலைகளும் கப்பல்களின் நங்கூரங்களும் கம்பியை அடிக்கடி அறுத்தன. பாடம் கற்று, 1986-இல் 2,000 மெகாவாட் புதுக் கம்பிகளைக் கடல்தரையில் பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள்.

அதே 1986 பிப்ரவரி 12 அன்று, மித்தரானும் தாட்சரும் முன்னிற்க, கேன்டர்பரியில் சுரங்கப்பாதை ஒப்பந்தம் கையெழுத்தானது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் சுவையானது. கடலுக்கடியில் எல்லைக் கோடு எங்கே, விபத்து நடந்தால் யார் பொறுப்பு, மேற்பார்வைக்கு இரு நாட்டுக் கூட்டுக் குழு, எல்லாம் அதில் உண்டு. பின்னால் வந்த ஒரு உடன்படிக்கைப்படி பிரெஞ்சுப் போலீஸ் இங்கிலாந்து மண்ணிலும், ஆங்கிலப் போலீஸ் பிரெஞ்சு மண்ணிலும் உட்கார்ந்து பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். 1882-இன் தளபதிகள் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

1990 டிசம்பர் 1 அன்று நடுக்கடலுக்கு அடியில், கடைசிச் சுண்ணாம்புப் பாறையில் ஓட்டை போட்டு ஒரு பிரெஞ்சுத் தொழிலாளியும் ஓர் ஆங்கிலத் தொழிலாளியும் கை குலுக்கினார்கள். 1994 மே 6 அன்று திறப்பு விழா. நீளம் சுமார் 50 கிலோமீட்டர், அதில் 38 கடலுக்கு அடியில். ரயில்களுக்கு இரு கரையிலிருந்தும் மின்சாரம் வருகிறது. ஒரு பக்கம் நின்றுபோனால் மறுபக்கம் முழுப் பாரத்தையும் தாங்கும்.

எல்லாம் இனிப்பு அல்ல. அரசுப் பணம் போடக் கூடாது என்று தாட்சர் பிடிவாதமாக இருந்தார். செலவு மதிப்பீட்டைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடியது. சேமிப்பைப் பங்குகளில் போட்ட பிரெஞ்சு நடுத்தரக் குடும்பங்கள் பெரிதும் இழந்தன. திட்டம் ஊருக்கு நல்லது, ஆனால் பாரம் சாதாரண மனிதர் தலையில். இதையும் வரலாற்றில் எழுதத்தான் வேண்டும்.

2020-இல் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. கம்பி அறுபடவில்லை. 2022 மே மாதம் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே 1,000 மெகாவாட் மின்கம்பி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. அதே வருடம் பிரான்சின் அணு உலைகள் பலவற்றில் குழாய்களில் விரிசல் கண்டு நிறுத்தினார்கள். 1980-க்குப் பிறகு முதல் முறையாக, பிரான்ஸ் விற்றதைவிட அதிகம் வாங்கிய நாடானது. வழக்கமாக வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து அந்த வருடம் பிரான்சுக்குக் கொடுத்தது.

நம் புதுவையில் பல வீடுகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள். லண்டனுக்கு ரயிலில் போகும்போது அந்தச் சுரங்கத்துக்குள் சுமார் 20 நிமிடம் இருப்பார்கள். பக்கத்திலேயே இரு நாட்டு மின்சாரமும் போகிறது என்று அவர்களிடம் சொல்லுங்கள். 1761-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.