கணக்கில் வராத நாட்கள்



எங்கள் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். இலண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு ஒரு விமானம் போன வழி ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம். எத்தனை நாளில் போய்ச் சேரும்? வகுத்துப் பார்த்து, ஆறு நாள்கூட ஆகாது என்றார்கள். 1919ஆம் ஆண்டில் அந்த விமானத்துக்கு ஏறத்தாழ 28 நாள் பிடித்தது என்றேன். "அப்படின்னா எங்க கணக்குத் தப்பா, சார்?" என்றாள் ஒரு மாணவி. கணக்குச் சரிதான். மீதி நாட்கள் எங்கே போயின என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல் உலகப் போர் முடிந்ததும், பிரிட்டனிலிருந்து 30 நாட்களுக்குள் பறந்து வரும் தன் நாட்டு விமானிகளுக்கு 10,000 பவுண்டு பரிசு தருவதாக ஆஸ்திரேலிய அரசாங்கம் அறிவித்தது. ஆறு விமானங்கள் புறப்பட்டன. நான்கு பேர் வழியிலேயே மாண்டார்கள். ராஸ் ஸ்மித், அவர் அண்ணன் கீத், பென்னெட், ஷையர்ஸ் என்னும் இரண்டு மெக்கானிக்குகள் ஆகிய நால்வரும் நவம்பர் 12ஆம் நாள் இலண்டன் அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது. பனிக்காற்று நேராக முகத்தில் அடித்தது.

டிசம்பர் 4ஆம் நாள் சிங்கப்பூர். அங்கே அப்போது விமான நிலையம் ஏது? ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில்தான் இறங்க வேண்டும். சிராங்கூன் சாலைப் பக்கம் போனவர்களுக்கு ரேஸ்கோர்ஸ் சாலையைத் தெரிந்திருக்கும்; அந்த இடந்தான். திடலோ சிறியது. விமானம் சீக்கிரம் நிற்க வேண்டுமே என்று, இறங்கும் வேளையில் பென்னெட் தம் இருக்கையை விட்டு எழுந்து, விமானத்தின் முதுகில் ஊர்ந்து வால் பக்கம் போய்ப் பாரமாக இருந்தார்! விமானம் நின்றது.

சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. ஊர் மக்கள் தங்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்துப் பாதை போட்டார்கள். அதன்மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. பரிசு நால்வருக்குக் கிடைத்தது. பாய் கொடுத்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிசம்பர் 10ஆம் நாள் டார்வின் வந்தது. 27 நாளும் 20 மணி நேரமும் ஆகியிருந்தன. அதில் வானத்தில் இருந்தது சுமார் 135 மணி நேரந்தான், ஐந்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் தரையில் கழிந்தது. பெட்ரோல் ஊற்ற, இயந்திரம் பார்க்க, மழை விட, இரவு விடியக் காத்திருந்த நேரம் அது.

நம் பாட்டன்மார் கதையும் இப்படித்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு வந்தவர்கள், கடலில் கழித்த நாட்கள் போதாதென்று, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமிலும் காத்துக் கிடந்தார்கள். அந்த நாட்களையும் எந்தக் கணக்கும் காட்டாது.

1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் பயணிகள் விமானம் நான்கு நாளில் போயிற்று. அதுவும் சிங்கப்பூரில் இறங்கி இராத் தங்கித்தான். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு, ஏறக்குறைய 14,500 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் சுமார் 17 மணி நேரத்தில் விமானம் பறந்தது.

அந்த மாணவி இதையும் வகுத்துப் பார்த்தாள். மணிக்கு 850 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வந்தது. "இது ஒத்து வருது, சார்" என்றாள்.