மண்ணைக் கேட்கும் கம்பிச் சுருள்



கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியின் பெயர் நம் நாவில் வருகிறது. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரை ஊடுருவ எய்தவன் என்று வன்பரணர் அவனைப் பாடினார். அம்மலைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1860-களில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் இருவர் அன்றைய சேலம் ஜில்லாவை ஆராய்ந்தனர். கஞ்சமலை, கோதுமலை, தீர்த்தமலை ஆகியவற்றைப் போலவே கொல்லிமலைப் பகுதியிலும் காந்த இரும்புக்கல் படுகைகள் உண்டு என்று அவர்கள் பதிவு செய்தனர். மாக்னடைட் என்று நிலவியலார் கூறுவது இக்கல்லையே. காந்தத்தை அருகே கொண்டுசென்றால் இதன் பொடி மயிர்க்கூச்செறிந்தாற்போல் எழுந்து நிற்கும்.

இத்தகைய மலையில் நின்றுகொண்டு, மண்ணுக்குள் புதைந்த ஓர் உலோகத் துண்டைக் கருவி கொண்டு கண்டறிய முடியுமா? நிலமே இரும்பாக இருக்கும்போது, கருவி எதை உலோகம் என்று சொல்லும், எதை மண் என்று சொல்லும்? உலோகங்காட்டும் கருவியின் உயிர்நிலை ஒரு கம்பிச் சுருள். அந்தச் சுருள் மண்ணையும் உலோகத்தையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே ஓர் உண்மையைக் கண்டார். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது, அருகிலுள்ள மற்றொரு சுருளிலும் மின்னோட்டம் பிறக்கிறது. சுருளுக்குப் பதிலாக ஓர் உலோகத் தகடு இருந்தாலும் அதற்குள் மின்னோட்டம் சுழன்று எழும். அதனைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். 1879-இல் டேவிட் ஹியூஸ் என்பார் சுருள்களைச் சமன்செய்து அமைத்து, உலோகம் அருகில் வந்தால் அச்சமநிலை குலைந்து ஒலி எழும்படி ஒரு கருவி செய்தார்.

இரண்டே ஆண்டுகளில் அக்கருவிக்கு ஒரு கடும் சோதனை வந்தது. 1881 ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிய குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களால் அறியக்கூடவில்லை. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல், ஹியூஸின் முறையைத் திருத்தி ஒரு கருவி செய்து வந்தார். குண்டு வலப்பக்கம் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் நம்பியதால், அப்பக்கத்தில் மட்டுமே தேட இசைந்தார். குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, மெத்தையின் அடியில் உருக்குக் கம்பிகள் இருந்தன. கருவி அவற்றின் ஓசையையும் சேர்த்தே சொன்னது. செப்டம்பர் 19-இல் ஜனாதிபதி காலமானார். சுருள் கேட்பது நாம் தேடும் பொருளை மட்டுமன்று, சூழ்ந்துள்ள அனைத்தையும் என்பது அன்று புலனாயிற்று.

அமெரிக்காவில் கெரார்டு ஃபிஷர், விமானங்களுக்குத் திசை காட்டும் வானொலிக் கருவிகளில் பணிபுரிந்தார். உலோகத் தாதுக்கள் உள்ள நிலங்களின் அருகே அக்கருவிகள் பிழையான திசை காட்டின. பிழைக்குக் காரணமானதையே பயனாக மாற்றி, உலோகங்காட்டும் கருவிக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு யோசெஃப் கொசாட்ஸ்கி 1941-இல் கண்ணிவெடி காட்டும் கருவி செய்தார். 1942-இல் எல் அலமைன் பாலைவனத்தில் படைகள் வழிதேட அது உதவிற்று.

இக்கருவிகள் எல்லாம் இடைவிடாது பேசிக்கொண்டே கேட்பவை. சுருளில் அலைமின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் உண்டாகும் மாறுதலைக் கருவி கவனிக்கும். இரும்புக்கல் மிகுந்த நிலத்தில் இதனால் இடர்ப்பாடு நேரும். சுருளைச் சற்றே உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் மண்ணே உலோகம்போல் கூவும்.

இதற்கு மாற்றாக வந்ததே துடிப்புத் தூண்டல் முறை. சுருளில் ஒரு கணம் மட்டும் மின்னோட்டத்தைச் செலுத்தி, சட்டென்று நிறுத்திவிடுவது. அதன் பிறகே காதுகொடுத்துக் கேட்பது. நிறுத்தியவுடன் இரும்புக்கல்லின் பெரும்பகுதி தன் காந்தத்தன்மையை உடனே விட்டுவிடும். உலோகத்துக்குள் எழுந்த சுழல் மின்னோட்டமோ சிறிது நேரம் நீடித்துத் தேயும். அந்த எச்சத்தைத்தான் சுருள் கேட்கிறது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் ஆய்வுக்கூடத்துடன் தொடர்புடைய கொலானி, எய்ட்கன் ஆகியோர் 1966-இல் இம்முறைக் கருவியைக் களத்தில் சோதித்து எழுதினர். மிக நுண்ணிய காந்தத் துகள்கள் செறிந்த செம்மண்ணில் இம்முறைக்கும் ஓரளவு தொல்லை உண்டு. அங்கே மண்ணும் சற்றே தாமதித்துத்தான் அடங்கும். ஆயினும் முன்னையவற்றைவிட இது பெரிதும் மேலானது.

கொல்லிமலை அடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் பௌதிகம் கற்பித்தபோது, விஞ்ஞானக் கழக மாணவர்கள் இக்கருவியைச் செய்ய ஆவல் கொண்டனர். அவர்களோடு நானும் சுருள் சுற்றினேன். இருபத்தைந்து சென்டிமீட்டர் விட்டத்தில் இருபது முதல் இருபத்தைந்து சுற்றுகள் சுற்றினால், அதன் தூண்டுதிறன் ஏறக்குறைய 300 மைக்ரோ ஹென்றி அளவில் அமையும். சுற்றுவது எளிது. அடக்குவதுதான் அரிது. மின்னோட்டத்தை நிறுத்தியதும் சுருளில் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் பாய்ந்தெழும். அது அடங்குமுன் சுருளால் எதையும் கேட்க இயலாது. பொன் மோதிரம் போன்ற சிறு பொருளின் எச்சமோ சில மைக்ரோ செகண்டுகளிலேயே தேய்ந்துவிடும்.

கோயிற் சேகண்டியை அடித்துவிட்டு உடனே உள்ளங்கையால் அணைத்தால் நாதம் அடங்குகிறதல்லவா? அந்த உள்ளங்கையின் வேலையைச் சுருளுக்குக் குறுக்கே இணைக்கும் மின்தடை செய்கிறது. அதன் அளவு மிகுந்தால் சுருள் அதிர்ந்துகொண்டே இருக்கும். குறைந்தால் அடங்க நெடுநேரம் ஆகும். ஒவ்வொரு சுருளுக்கும் உரிய அளவைச் சோதித்தே காண வேண்டும். பெரும்பாலும் அது சில நூறு ஓம் முதல் ஆயிரம் ஓம் வரை இருக்கும்.

எனாமல் கம்பியை நெருக்கிக் கற்றையாகச் சுற்றிய சுருள் மெல்லவே அடங்கியது. தடித்த பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியால் சுற்றியது விரைவில் அடங்கியது. சுற்றுகள் ஒன்றையொன்று நெருங்கினால் அவற்றிடையே மின்தேக்குத்திறன் மிகும் என்பதே காரணம். மலையிலிருந்து இறங்கி வந்து பயிலும் மாணவன் ஒருவன், "ஐயா, கேட்கிறதுக்கு முன்னாலே சுருள் தன் வாயை மூடணும் போலிருக்கிறது" என்றான். இத்தொழில்நுட்பத்தின் சாரம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

சட்டத்தில் ஆணி கூடாது. மரமோ பிளாஸ்டிக்கோதான் வேண்டும். வெளி இரைச்சலைத் தடுக்கக் கிராஃபைட் பூச்சு இடலாம். ஆனால் அது முழு வளையமாக மூடாமல் ஓரிடத்தில் இடைவெளி விட வேண்டும். இல்லையேல் அதிலேயே மின்னோட்டம் சுழலும். சுருளைப் பெரிதாக்கினால் ஆழத்தில் கிடக்கும் கடப்பாரையைக் காணலாம், காசு தப்பிவிடும். சுருளின் விட்டத்தைக் கடந்த ஆழங்களில், ஆழம் இரட்டித்தால் வரும் குறிப்பு அறுபத்துநான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே புதையலை இருபதடி ஆழத்தில் காட்டும் என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள்.

இறுதியாக ஒன்று. சுருள் "இங்கே உலோகம் உண்டு" என்று மட்டுமே சொல்லும். அது எவ்வளவு பழையது என்பதை அதற்கு அருகே கிடக்கும் மண்ணும் கரியும் ஓடும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கி.மு. 3345 வரை அக்காலம் பின்னே செல்கிறது என்று 2025-இல் அறிவித்தனர். இக்கணிப்புகளுக்கு ஆதாரமாக நின்றவற்றுள் இரும்போடு கிடந்த கரித்துண்டுகள் முதன்மையானவை. கருவி ஒலித்ததும் ஆவலோடு தோண்டி இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு கரியை வீசியிருந்தால், தமிழ்நாட்டின் தொன்மைக்கு ஒரு சான்று மறைந்திருக்கும்.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமும் உண்டு. சட்டத்துக்கு அஞ்சியேனும் அல்ல, வரலாற்றுக்கு மதிப்பளித்தே நீங்கள் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். சுருள் சுற்றுங்கள், மின்தடையை மாற்றிமாற்றிப் பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் தொலைந்த சாவியைத் தேடுங்கள். ஆனால் ஓரி வாழ்ந்த மலையில் பழமை தோன்றும் இடத்தில் கருவி ஒலித்தால், அங்கே ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தொல்லியல் துறையினருக்குச் சொல்லுங்கள்.