விலைப்பட்டியல் எண்ணிடல் (கணக்கியல் மென்பொருள்)

விலைப்பட்டியல் எண்ணிடல் என்பது ஒரு நிறுவனம் வெளியிடும் ஒவ்வொரு விற்பனை விலைப்பட்டியலுக்கும் தனித்த தொடர் எண் ஒன்றை இடும் முறையாகும். பேச்சுவழக்கில் இது பில் நம்பர் எனப்படுகிறது. ஒரே விற்பனை இருமுறை பதியப்படுவதையும், நடந்த விற்பனை கணக்கில் வராமல் விடுபடுவதையும் கண்டறிய இவ்வெண் உதவுகிறது.

சட்ட விதிகள்

இந்தியாவில் சரக்கு மற்றும் சேவை வரி 2017 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 46ஆம் விதிப்படி, விலைப்பட்டியல் எண் 16 குறிகளுக்கு மிகாத தொடர் எண்ணாக இருத்தல் வேண்டும். எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு, சாய்கோடு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். ஒரு நிதியாண்டில் ஓர் எண் ஒருமுறை மட்டுமே வரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை வைத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது.

எடுத்துக்காட்டாக, திருவள்ளூர் மாவட்டத்தில் கடம்பத்தூரில் தொழிற்கூடமும் கும்மிடிப்பூண்டியில் கிடங்கும் உடைய ஒரு நிறுவனம், இரண்டும் ஒரே மாநிலத்தில் இருப்பதால், ஒரே வரிப்பதிவு எண்ணின் கீழ் இயங்கலாம். இரு இடங்களிலும் 1, 2, 3 என எண்ணிட்டால் ஒரே எண் இருமுறை வந்துவிடும். தொழிற்கூடத்திற்கு 1/25-26/0001 என்றும், கிடங்கிற்கு 2/25-26/0001 என்றும் முன்னொட்டுடன் தொடங்கினால் இச்சிக்கல் எழாது. இவை 12 குறிகளே கொண்டவை.

மென்பொருளில் எண்ணிடும் முறைகள்

1986இல் தொடங்கப்பட்ட பெங்களூர் நிறுவனத்தின் டேலி, இந்தியாவில் பரவலாகப் பயன்படும் கணக்கியல் மென்பொருளாகும். இதில் எண்ணைத் தானியங்கியாகவோ கைமுறையாகவோ இடலாம். முன்னொட்டு, பின்னொட்டு, தொடக்க எண், ஆண்டுதோறும் மீண்டும் தொடங்கும் நாள் ஆகியவற்றையும் வரையறுக்கலாம். கைமுறையைத் தேர்ந்தெடுப்போர், ஒரே எண் மீண்டும் வருவதைத் தடுக்கும் வசதியையும் இயக்கிக்கொள்ளலாம்.

நீக்குதலும் ரத்து செய்தலும் வேறுபட்டவை. ரத்து செய்யப்பட்ட பட்டியலின் எண் தொடரிலேயே நிற்கும். தொகை மட்டும் கணக்கில் சேராது. தானியங்கி முறையில் 57ஆம் பட்டியலை நீக்கினால், அதற்குப் பின் வரும் 58ஆம் பட்டியல் 57 என மாறிவிடக்கூடும். வாங்கியவரிடம் உள்ள அச்சுப்படியிலோ 58 என்றே இருக்கும். 2022 சனவரி 1 முதல், விற்பவர் தம் விவர அறிக்கையில் காட்டிய பட்டியலுக்கே வாங்குபவர் உள்ளீட்டு வரி வரவு பெற முடியும் என்பதால், இவ்வேறுபாடு இரு தரப்புக் கணக்குகளையும் ஒப்பிடுவதில் சிக்கலை உண்டாக்கும். 2023இல் வெளியான டேலி பிரைம் 3.0 பதிப்பு, பதிவை நீக்கினாலும் மற்றவற்றின் எண்களை மாற்றாமல் வைக்கும் தெரிவைச் சேர்த்தது.

அறிக்கை வெளியீடு

விலைப்பட்டியல்களையும் அறிக்கைகளையும் திரையில் காணலாம், அச்சிடலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். பிடிஎஃப், எக்செல், எக்ஸ்எம்எல் கோப்புகளாகவும் ஏற்றுமதி செய்யலாம். சரக்கு விற்பனைப் பட்டியல் மூன்று படிகளாக வெளியிடப்படுகிறது: மூலப்படி வாங்குபவருக்கும், இரண்டாம் படி சரக்கை ஏற்றிச்செல்பவருக்கும், மூன்றாம் படி விற்பவருக்கும் உரியவை. மின்விலைப்பட்டியலுக்கு இவ்விதி பொருந்தாது.

ஜிஎஸ்டிஆர்-1 அறிக்கையின் 13ஆம் அட்டவணையில் தொடக்க எண், இறுதி எண், மொத்த எண்ணிக்கை, ரத்தானவை ஆகியவற்றைத் தெரிவித்தல் வேண்டும். தொடரில் காரணமின்றி விடுபட்ட எண் இங்கு எளிதில் வெளிப்படும்.

மின்விலைப்பட்டியல்

2020 அக்டோபரில் ரூ. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் இவ்வரம்பு ரூ. 5 கோடியாகக் குறைக்கப்பட்டது. மென்பொருள் உருவாக்கும் ஜேசன் கோப்பு அரசின் பதிவுத் தளத்திற்கு அனுப்பப்படுகிறது. விற்பவரின் வரிப்பதிவு எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்து 64 குறிகள் கொண்ட மேற்கோள் எண் கணக்கிடப்படுகிறது. இதனைத் தளத்தில் 24 மணி நேரத்திற்குள் ரத்து செய்யலாம். ஆயினும், ரத்தான விலைப்பட்டியலின் எண்ணை அந்நிதியாண்டில் மீண்டும் பயன்படுத்த இயலாது.