அரசிடமிருந்தே தகவல் கசிந்தால் யார் பொறுப்பு? நோர்வேயின் அனுபவம்

குடிமக்களின் தனிப்பட்ட விவரங்கள் அரச நிறுவனங்களிடமிருந்தே கசிந்தால் அதற்குப் பொறுப்பேற்பது யார்? தனியார் நிறுவனங்களைப் போலவே அரச அமைப்புகளும் தண்டம் செலுத்த வேண்டும் என்பதே இக்கேள்விக்கு நோர்வே அளித்துள்ள விடை.

ஒரு வங்கியின் மீது நம்பிக்கை போனால் வேறு வங்கிக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் வரித்துறைக்கு விவரம் தர மறுக்க எவராலும் இயலாது. நோர்வேயில் நிரந்தரமாக வாழ்வோருக்கு வழங்கப்படும் 11 இலக்க அடையாள எண், பிறந்த தேதியுடன் தொடங்கி ஆயுள் முழுவதும் தொடர்வது. அது வெளியே சென்றுவிட்டால், கடவுச்சொல்லைப் போல நினைத்தவுடன் மாற்றிக்கொள்ள முடியாது.

வரித்துறையின் தவறு

2008 செப்டம்பரில் நோர்வே வரித்துறை, 2006ஆம் ஆண்டுக்கான வரிப்பட்டியலைக் குறுந்தகடுகளில் ஊடகங்களுக்கு அனுப்பியது. அந்நாட்டில் ஒருவரது வருமானமும் வரியும் பகிரங்கமானவை என்பதால் பட்டியலை அளிப்பது வழமையே. ஆனால் அம்முறை சுமார் 40 லட்சம் பேரின் அடையாள எண்களும் அதில் இடம்பெற்றுவிட்டன. வெளியார் எவரும் ஊடுருவவில்லை, கவனக்குறைவே காரணம்.

தண்டம் விதிக்கும் அதிகாரம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே உறுப்பு நாடல்ல. எனினும் ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 ஜூலையில் நோர்வேச் சட்டத்தின் பகுதியாயின. தகவல் கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் அதனைக் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அரச அமைப்புகளுக்குத் தண்டம் விதிக்கலாமா என்பதை அந்தந்த நாட்டின் முடிவுக்கே விதிகள் விட்டுவிட்டன. நோர்வே, விதிக்கலாம் என முடிவு செய்தது.

இதன்படி 1980 முதல் இயங்கிவரும் தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2019ல் ஒஸ்லோ மாநகரசபைக்கு 12 லட்சம் குரோனர் தண்டம் விதித்தது. பெற்றோரும் பள்ளிகளும் செய்தி பரிமாறும் செயலியில் இருந்த குறைபாட்டினால், 63,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்கள் பிறர் கைக்கு எட்டும் நிலையில் இருந்தன. 2021 ஜனவரியில் இணையத் தாக்குதலுக்கு உள்ளான ஊஸ்த்ர தூதன் நகரசபைக்கு, மறுவருடம் 40 லட்சம் குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. அங்கு காப்புப் பிரதிகள்கூட உரிய முறையில் பாதுகாக்கப்பட்டிருக்கவில்லை.

யாருடைய பணம்?

நகரசபை செலுத்தும் தண்டம் அரச கருவூலத்துக்கே செல்கிறது. அதாவது வரிப்பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறுகிறது. பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டைத் தனியாகவே கோர வேண்டும். ஆயினும் தண்டத் தீர்ப்பு பகிரங்கமாகும்போது, தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மக்களுக்குப் பதில் சொல்ல நேர்கிறது.

எல்லாத் தாக்குதலையும் தடுப்பதும் சாத்தியமல்ல. 2023 ஜூலையில், அதுவரை அறியப்படாத மென்பொருள் குறைபாடு ஒன்றின் வழியாக நோர்வேயின் 12 அமைச்சகங்கள் பயன்படுத்திய கணினித் தளம் தாக்கப்பட்டது. ஆகவே கசிவு நேர்ந்ததா என்பதை மட்டுமன்றி, தகுந்த பாதுகாப்பு செய்யப்பட்டிருந்ததா என்பதையும் சட்டம் கேட்கிறது.

இலங்கை 2022லும் இந்தியா 2023லும் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. இந்தியச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரச அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடமே விட்டுள்ளது. விவரங்களைக் கட்டாயமாகப் பெறும் அரசு, காக்கும் கடமையிலிருந்து எந்த அளவுக்கு விலகலாம் என்பதே அங்கு எழும் கேள்வி.